திரையைத் துடைத்த நாள்

என் செல்ல மகளுக்கு,

முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறப்பதையும் பார்த்துவிடும் ரேடார் விமானத்தில், அந்த ரேடாருக்குச் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் மாபெரும் பதவியில் இருபத்தாறு வருடமாக வீற்றிருக்கும் உன் சித்தப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரையாவது நலமாக இரு. இங்கே நானும் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சித்தியின் முழங்கால் மட்டும் படியேறும்போது போடுகிற சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை வெளியே வந்து பார்க்கிறார். நீ அனுப்பிய பல்பசையை அவள் முழங்காலுக்குத் தடவிக்கொண்டு இரண்டு நாள் எரிகிறது எரிகிறது என்று குதித்தாள், அதற்கப்புறம்தான் நான் டப்பாவைப் படித்துப் பார்த்தேன். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற டாக்டர் அம்மா, இனிமேல் எதை அனுப்பினாலும் எங்கே தடவ வேண்டும் என்று எழுதி அனுப்பு.

மாப்பிள்ளை உன்னிடம் போனில், விசாரணை சும்மா பேருக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னாராம். அது பொய். தீர்ப்பு முந்தாநாள் வந்துவிட்டது. வேலை போய்விட்டது, நான்கு மாதம் காவலில் இருக்க வேண்டும். அவர் உன்னிடம் சொல்லமாட்டார், சித்தியிடம் சொல்ல எனக்கே இன்னும் தைரியம் வரவில்லை, பெறாவிட்டாலும் வளர்த்தவன் என்ற உரிமையில் நான்தான் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து படி.

உனக்குப் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால் முதலில் இதைப் புரிந்துகொள். எங்கள் விமானத்தின் முதுகில் ஒரு பெரிய தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மேலேயிருந்து பார்ப்பதால் வானத்தில் போவது மட்டுமல்ல, கீழே நெடுஞ்சாலையில் ஓடுகிற காரும் லாரியும்கூட அதற்குத் தெரியும். அத்தனையையும் திரையில் காட்டினால் மனுஷன் பைத்தியமாகிவிடுவான். அதனால் இத்தனை வேகத்துக்குக் குறைவாக நகர்வதைக் காட்டாதே என்று அதற்கு ஓர் எல்லை சொல்லிவைப்போம். வழக்கமாக மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். அப்படியும் வேகமாகப் போகிற கார்கள் நூறு இருநூறு புள்ளிகளாக வந்து தொலைக்கும், மாப்பிள்ளை மாதிரி திரை பார்க்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது.

தலைமையகத்திலிருந்து எட்டுப் பேர் எங்கள் விமானத்தைப் பார்க்க வந்தார்கள். எங்கள் தளபதியை உனக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், மடிப்பு கலைந்துவிடும் என்று கடைசிவரை உட்காராமலே போனாரே, அதே இஸ்திரிதான். சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். விமானம் மேலே ஏறிய பிறகு, விருந்தாளிகள் திரையருகே வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மாப்பிள்ளையின் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். பேச்சைப் பதிவு செய்கிற மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என்னப்பா இது, கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு, வர்றவங்க முன்னாடி என் மானத்த வாங்காத, தொடச்சு விடு என்றார். சார், நூத்தம்பதுக்கு ஏத்தினாத்தான் கார் எல்லாம் மறையும், அது சரியில்ல சார் என்றார் மாப்பிள்ளை. ஏத்துப்பா, சாயங்காலம் எறக்கிக்கலாம், ஒலகமா அழிஞ்சிடும் என்றார் இஸ்திரி. மாப்பிள்ளை ஏற்றினார். நான் மூன்றடி தூரத்தில் குளிர்நீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

திரை கழுவிய தட்டு மாதிரி ஆகிவிட்டது. எட்டுப் பேரும் ஆஹா என்றார்கள். தரையிறங்கியதும் திரை பார்த்தவர் எல்லா எண்களையும் வாய்விட்டுப் படித்து, அடுத்து ஏறப்போகிறவர் திருப்பிச் சொல்லி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு எல்லோரையும் படம் எடுக்க வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். யாரும் படிக்கவில்லை. நானும்தான் முன்வரிசையில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நின்றேன், நீ பார்த்தால் எதை முதலில் பிடுங்கலாம் என்று யோசித்திருப்பாய்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை அதே இருக்கையில் ஏறினார். மருந்துப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம், ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும், மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு மின்சாரம் போய் ரேடியோவும் செத்துவிட்டது. கீழேயிருந்து எங்களைத்தான் கேட்டார்கள், அங்கே ஏதாவது தெரிகிறதா என்று. அந்தக் குட்டி விமானம் எதிர்க்காற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூற்று முப்பதில் வந்துகொண்டிருந்தது. நூற்றைம்பதுக்குக் கீழே வருவதெல்லாம் எங்கள் ரேடாருக்கு லாரி. மாப்பிள்ளை மூன்று தடவை பார்த்தார். ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அது வழியில் இருந்த ஏரியில் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, இருந்த படகையெல்லாம் ஏரியில் இறக்கினார்கள். அந்த மனுஷன் இன்னும் நாற்பது நிமிடம் பறந்து, ஏரிக்கு எதிர்த்திசையில் மலைச்சரிவில் மோதியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு காலும் போய், மோதிய மறுநாள் மத்தியானம் வரை உயிரோடு இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். சுற்றிலும் மருந்துப் பெட்டி, மகளே. வலி தெரியாமல் இருக்கப் போடுகிற ஊசிமருந்து மட்டுமே நாலு பெட்டி. கைக்கு எட்டாத தூரத்தில்.

இரண்டாவது இருக்கை, இத்தனை மணி, நூற்றைம்பது என்று விமானத்தின் இயந்திரம் எழுதிவைத்திருந்தது. சொன்ன வாயை அது எழுதவில்லை, மைக்கைத்தான் மூடிவிட்டாரே. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இஸ்திரி சாதித்தார். ஏத்தினதும் என் கைதான், எறக்க மறந்ததும் நான்தான், ஆனா சொன்னது அவர் என்றார் மாப்பிள்ளை. கேட்ட ஒரே சாட்சி நான். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பச்சைத் துணி விரித்த நீள மேசை, மூன்று அதிகாரிகள், மூன்று தண்ணீர்க் குவளை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு சொல்லை ஊதவில்லை, உன் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

இஸ்திரி எழுந்து எங்கள் பராமரிப்புப் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். குறிப்பு என்ற கட்டத்தில் இத்தனை வருடமாக நான் விளையாட்டாக எழுதிவந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். இன்று தட்டு சுற்றிய வேகத்தில் பதினாறு காக்கைகள் தலைசுற்றி விழுந்தன. இன்று ஆணி கழன்றதால் தட்டை முக்கால் மணி நேரம் தோளில் தாங்கினேன். இன்று அடுத்த நாட்டு மன்னர் தும்மியது திரையில் தெரிந்தது, நலம் விசாரிக்கவும். எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து. தோள்ல தாங்கினவர் நீங்கதானே, இப்ப தோள் எப்படி இருக்கு என்று கேட்டார். நடுவில் இருந்த அதிகாரி குவளையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூன்று பேரும் மறைக்காமலே சிரித்தார்கள். உறவினரின் கற்பனை என்று எழுதி என் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளைதான் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. விடுங்க மாமா, நீங்க வந்ததே போதும் என்றார். இஸ்திரிக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு.

தீர்ப்பு வாசித்தபோது கடைசி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அந்த விமானம் ஓட்டியவரின் மனைவி. நடையில் என்னை நிறுத்தி, நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியுது ஐயா என்றாள். அந்தக் கட்டடத்திலேயே என்னை நம்பிய ஒரே ஆள். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை. நம்பி நான் என்ன செய்ய, உங்க மாப்பிள்ளை நாலு மாசத்துல வீட்டுக்கு வந்துடுவாரு என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விடுப்புப் போட்டுக்கொண்டு ஓடிவராதே, மாதத்தில் ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள், நானே போய்க்கொள்கிறேன். அவருக்குக் கடிதம் எழுது, ஆனால் ஏன் மறந்தீர்கள் என்று கேட்டு எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு. நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டு இதை நினைக்காதே. நீயும் அவரும் நூறு வயது வரை ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசி, சித்தியும் சொல்லச் சொன்னாள், எதற்கு என்று இன்னும் தெரியாமலே சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே. அழுவதானால் ஆசை தீர அழு மகளே, ஆனால் யாரிடமும் நாலு மாதம் என்று சொல்லி அழாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா