கார்புரேட்டரில் கட்டிய ஐஸ்

என்றும் என் அன்புக்குரிய சேவியர் அண்ணனுக்கு,

தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். அழுதேன். வலியில்லாமல் போனீர்களே என்று ஒரு நிம்மதியும் வந்தது.

ஆட்சி மாறியும் எங்கள் கூலி மாறாத வருஷம் அது. மன்னார்குடிப் பக்கம் வேலைநிறுத்தம் செய்து, கொடியோடு வரப்பில் நின்றிருந்தோம். மழை விட்ட காலை. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. பயிருக்கு மருந்தடிக்க வந்த உங்கள் சின்ன விமானம் இருமி இருமி நின்றுபோய், வயலுக்குள் மூக்கைக் குத்தியது. நானும் என் வீட்டுக்காரர் கோவிந்தனும்தான் ஓடி உங்களை வெளியே இழுத்தோம். நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான்.

கோவிந்தன் கல்லெறிந்து விமானத்தை விழவைத்ததாக மிராசுதார் புகார் கொடுத்தார். போலீஸ் கோவிந்தனைப் பிடித்துப்போனது. கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

நெற்றிக் கட்டோடு நீங்கள் வந்தீர்கள்.

“கல்லு இல்லீங்க. எஞ்சின்ல ஐஸ் கட்டிருச்சு.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “தஞ்சாவூர்ல ஐஸா? எங்க, காட்டுங்க பாப்போம்.”

“அப்பவே உருகியிருக்கும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா, பெட்ரோல் ஆவியாகறப்ப கார்புரேட்டர் ஜில்லுனு ஆயிடும். அந்த ஈரம் உள்ளயே உறைஞ்சு காத்து போற வழிய அடைச்சிரும். சூடான காத்த உள்ள விடற லீவர நான்தான் லேட்டா இழுத்தேன். என் தப்புங்க.”

கல் என்று எழுதிக்கொடுத்திருந்தால் உங்கள் மேல் ஒரு பழியும் வந்திருக்காது, அண்ணே. ஏன் எழுதவில்லை?

மறுநாள் விடிந்ததும் தஞ்சாவூர் விமானத் திடலில் இன்னொரு விமானத்தின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினீர்கள். வேலிக்கு வெளியே நான் சாமியைக் கும்பிட்டபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் திணறி நின்றது. மூடியைத் திறந்தால் கார்புரேட்டர் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார்.

“யோவ், நெசமாவே ஐஸுய்யா!”

அன்றைக்கே கோவிந்தன் வெளியே வந்தார். குழந்தையை வாங்கி முகர்ந்துகொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் குழந்தை இப்போது கும்பகோணத்தில் டீச்சர். எங்களுக்கும் கொஞ்சம் நிலம் வந்தது. கோவிந்தன் இன்னும் மடை திறக்கக் காலையிலேயே போய்விடுகிறார். உங்களுக்கு மறுபடி விமானம் கொடுத்தார்களா? கேட்கப் பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன்.

அண்ணி தனியாக இருக்கிறார்களே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அறுப்பு முடிந்ததும் நானே திருச்சிக்குப் போய் அழைத்துவருகிறேன். வரமாட்டேன் என்று சொன்னால், அவர்கள் வருகிறவரை நானும் அங்கேயே இருந்துகொள்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
அஞ்சலை