தேவியாரின் கடவுச்சொல் வேண்டி, அடைபட்ட நிலவறையிலிருந்து விடுத்த ஓலை

நலம் பெருகுக. அலைவாய் நாட்டின் திருமகளும் நீலவரை நாட்டின் பட்டத்தரசியும், சினம் தணியாது வேனில் மாளிகையில் எழுந்தருளியிருப்பவருமாகிய நறுங்கோதை தேவியார் திருமுன், மாமன்னர் நெடுவேற்கோனின் முதலமைச்சர் இளவெயினனார், கணினி நிலவறையினுள்ளிருந்து வெளியேற வழியின்றி, வணங்கி வரைந்து விடுக்கும் ஓலை. தேவியார் பிறந்த நாட்டில் மழையும் விளைவும் குறையாதிருக்க.

தேவியார் சீதனமாகக் கொணர்ந்து, தம் கைப்படக் கடவுச்சொல் இட்டுவைத்த இயங்குதளமும், இந்நாட்டின் பழைய இயங்குதளமும் ஒரே கணினியில் வாழவேண்டுமென்பது அவையின் முடிவு. ஆதலால் அமைச்சர் இன்று காலை, வழக்கப்படி கதவை அடைத்து, அரசர் அருகிருந்து பார்க்க, கணினியின் சேமிப்பு வட்டினை மூன்று பாகமாக்கினார்: ஒன்று பழையதற்கு, ஒன்று தேவியாருடையதற்கு, மற்றொன்று இரண்டும் புழங்கும் நிலக்கணக்குகளுக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால்கூட இத்தனை அமைதி இராதென்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார். பிசகு அதன் பின்னரே நேர்ந்தது.

கணினி விழிக்குந்தோறும் எத்தளம் வேண்டுமென்று பட்டியல் காட்டிச் சற்றே காத்திருக்கும். பட்டத்தரசியின் பெயர் உள்ள இடத்தில் முதலிடம் யாருக்கென்று வினவுவதே இந்நாட்டில் அவமதிப்பு. அம்மரபில் ஊறிய அமைச்சர், தேவியாருடையதை முதலில் வைத்து, காத்திருக்கும் பொழுதைச் சுழியமாக்கிவிட்டார். இப்போது கணினி எவரையும் கேளாமல் தேவியாரின் தளத்துள் புகுந்து, கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. உள்ளே புகுந்தால் பட்டியலைத் திருத்திவிடலாம், புக இயலவில்லை. நிலவறைக் கதவோ பழைய தளத்தின் சொல்லுக்கே திறக்கும். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் இதே கதைதான்.

குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. அரசர் பழைய தளத்தின் நிறுவல் வட்டை அமைச்சர் கையில் திணித்து, கணினியைத் துடைத்துப் புதிதாய் எழுப்பப் பணித்தார். அது பாகம் பாராது முழுவதையும் விழுங்கிவிடும் என்றும், தேவியாரிடம் கேட்டனுப்பலாம் என்றும் அமைச்சர் மன்றாடினார். அவள் பிறந்த நாட்டுத் தளத்தை விருந்தாளியின் மூட்டை என்று தாம் நகைத்ததற்காக அரண்மனை விட்டுப் போனவளிடம் கையேந்துவதில்லை என்று அரசர் முகம் திருப்பினார். தேவியாரின் அன்னையார் இறக்குமுன் பேசியனுப்பிய குரற்பதிவுகள் அப்பாகத்தில் உள்ளதை அமைச்சர் அறிவார். அதை எவரிடமும் சொல்வதில்லையென்று தேவியாருக்கு வாக்கும் கொடுத்திருந்தார். சொன்னால் வாக்குப் போகும். சொல்லாவிடில் குரல் போகும். அரசர் கண்ணயர்ந்த வேளையில் நிறுவல் வட்டை மடியில் ஒளித்துக்கொண்டு இவ்வோலையைத் தொடங்கினார்.

இவ்வரியை எழுதுகையில் அரசர் விழித்து ஓலையைப் பறித்துக்கொண்டார். தம் தலை போயிற்றென்றே அமைச்சர் எண்ணினார். அரசரோ ஒருமுறைக்கு இருமுறை படித்து, அன்னையாரின் குரலைப் பற்றித் தமக்குத் தெரியாதென்று மெல்லச் சொல்லி, ஓலையைத் திருப்பித் தந்தார்.

ஆகவே, காற்றுப்புழை வழியே இதனைப் பெற்று வரும் காவலனிடம் தேவியார் கடவுச்சொல்லை எழுதி விடுக்கவேண்டும் என்பது அரசரின் வேண்டுகோள். ஆணை என்று முடிக்கவிருந்த அமைச்சரிடமிருந்து எழுத்தாணியை வாங்கி, வேண்டுகோள் என்னும் சொல்லை அரசரே பொறித்தார். முத்திரை கதவுக்கு வெளியே இருப்பதால், விளக்குக் கரியில் தோய்ந்த அவர் பெருவிரல் கீழே பதிந்துள்ளது. பதிவு சற்றே கலைந்திருப்பதைத் தேவியார் பொறுத்தருள்க, அரசர் இருமுறை அழுத்திப் பதித்தார்.