வீட்டுக்காரர் கொண்டுவந்த நாய்

அக்கா,

இன்று காலை மழையில் ஒரு நாய்க்குட்டி ஓடிவந்து நம் அடுப்படிக்குள் புகுந்தது. உடம்பைச் சிலுப்பி என் சேலையெல்லாம் சேறாக்கியது. விரட்டலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன். அந்த நனைந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உங்கள் நாய் சுக்கானின் வாடை அது. நீங்கள் பிறை ஊரில் கண்மூடிய சேதி வந்த அன்று அழுதேன். இன்று அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி களைந்தேன்.

அப்போது இந்த வாடகை வீட்டின் முன்னறையில் நாங்கள், பின்னறையில் நீங்கள். உங்கள் கணவருக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. கடைசியாகக் கரைக்கு வந்தபோது ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, உங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மடியில் விட்டார். சுக்கான் என்று பெயரும் அவரே வைத்தார். அப்புறம் போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சுக்கான் வளர்ந்து வாசலில் குறுக்கே படுக்கத் தொடங்கியது. “அவரு வர்ற வரைக்கும் இவன்தான் எனக்கு வீட்டுக்காரன்” என்று அதன் காதைத் திருகிச் சிரிப்பீர்கள். வீட்டு முதலாளியும் அதைத் தாண்டித்தான் வாடகை வாங்க வருவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பிறகு வாடகை வாங்கிக் கணக்கெழுத ஒரு கிராணியை வைத்தார். முதல் நாளே அந்த ஆள் நாயைப் பார்த்துவிட்டு அதட்டினார்.

“நாய் வளக்க வீட்டுக்காரருகிட்ட கேட்டீங்களா?”

நீங்கள் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தீர்கள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “வீட்டுக்காரருதான்லா கொண்டாந்து விட்டாரு! ராத்திரியில தனியா படுக்க பயமா இருக்குன்னு சொன்னேன், மறுநாளே தூக்கிட்டு வந்துட்டாரு.”

கிராணி வாயைப் பிளந்துகொண்டு போனார். பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்காரர் என்றால் நமக்கு ஒருவர்தானே? அந்த மனிதருக்கோ சம்பளம் கொடுக்கிறவர்தான் வீட்டுக்காரர். கேட்டதை அப்படியே முதலாளி வீட்டுக் கூடத்தில் போய் ஒப்பித்தார். உள்ளேயிருந்த முதலாளியின் மனைவி காதில் அது விழுந்தது. சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்க உங்கள் பேச்சுத்தான். கப்பல்காரன் பெண்டாட்டிக்குத் துணைக்கு நாய் வாங்கிக் கொடுத்த முதலாளி!

விளக்கம் சொல்ல இருவரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். நீங்கள் கூனிக்குறுகி நின்றீர்கள், நான்தான் பேசினேன். “அக்கா சொன்னது அவங்க புருஷனைங்க.” அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன். உள்ளே திரும்பி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். உங்களுக்குப் பரிந்து பேசினால் வீட்டில் சந்தேகம் கூடிவிடுமாம், அந்த வீரருக்குப் பயம்! திரைக்குப் பின்னால் நின்றவளுக்குக் கேட்கவேண்டும் என்றே கத்தினார்.

“நாயை வெரட்டு! இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு!”

“நாயை விடமாட்டேங்க, அவரு குடுத்தது” என்றீர்கள். “வீட்டையும் விட முடியாதுங்க. அவரு திரும்பி வந்தா இந்த வாசலத்தான் தேடுவாரு.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். உங்கள் கணவர் தேடி வரும் ஒரே வாசலை, மனைவிக்குப் பயந்த ஒருவர் பிடுங்கினார். அக்கா, இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இரண்டு ஆட்கள் வந்து உங்கள் சட்டிபானைகளைத் தூக்கிக் கடைவீதி பார்க்க வாசல் நடைபாதையான அஞ்சடியில் வைத்தார்கள். பிறையில் தூரத்து உறவு ஒன்று இருந்தது. சுக்கானை மடியில் அள்ளிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினீர்கள். என் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டீர்கள். “அவரு வந்தா நான் இருக்கற எடத்த சொல்லு தங்கச்சி. நீயும் இந்த வீட்ட விட்டுறாத.”

விடவில்லை. என்னவர் காற்றோட்டமான வீடாக எத்தனையோ பார்த்துவிட்டு வந்தார். நான் அசையவில்லை. (அந்த ரகளைக்குப் பிறகு அவரை நான் வீட்டுக்காரர் என்று சொல்வதே இல்லை.) எவர் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையோ, அவருக்கே மாதாமாதம் வாடகை அழுதுகொண்டு உங்கள் வாசலைக் காத்தேன். யாரும் வரவில்லை. முதலில் சுக்கான் போயிற்று, அப்புறம் நீங்களும் போனீர்கள்.

இன்று மத்தியானம் அதே கிராணி வந்தார். தலை நரைத்துவிட்டது, அதட்டல் மட்டும் நரைக்கவில்லை. அடுப்போரம் சுருண்டு கிடந்த குட்டியைப் பார்த்தார்.

“இதுக்கு வீட்டுக்காரருகிட்ட கேட்டாச்சா?”

“வீட்டுக்காரருதான் கொண்டாந்து விட்டாரு” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார். “எந்த வீட்டுக்காரரு?”

உங்களிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“அவரையே போய் கேளுங்க. அந்தம்மா பக்கத்துல இருக்கறப்ப கேளுங்க.”

விஷயம் தெரிந்து என்னவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். குட்டி என் காலடியில் தூங்குகிறது. நாளைக்கு ஆட்கள் வந்து என் சட்டிபானைகளையும் தூக்கி வெளியே வைக்கலாம். வைக்கட்டும். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அஞ்சடியிலேயே உட்காருவேன். அங்கிருந்தும் இந்த வாசல் நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் வந்தால் சொல்லிவிடுகிறேன்.