வீரையனின் வேலை விவரம்

செப்டம்பர் 9, 2024

கீழ்வேளூர்ப் பக்கத்து அரிசி ஆலை முதலாளி அமிர்தலிங்கம், மருமகன் ராஜராஜனோடு என் விசா வக்கீல் ஆபீசுக்கு வந்தார். அமெரிக்காவில் புழுங்கலரிசி ஆலை தொடங்குகிறார்கள். இங்கிருந்து ஒரு நிபுணரை அனுப்ப விசா வேண்டும். நிபுணர் யார் என்றால், மருமகனாம். நெல்லை எத்தனை மணி நேரம் ஊற வைப்பீர்கள் என்று கேட்டேன். ராஜராஜன் வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவர் பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் அவரேதான்.

அவரை டிரைவர் என்று நினைத்து, வண்டியை நிழலில் விடச் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக ஆளை எடைபோடுவதே என் தொழில். வெட்கமாக இருக்கிறது. பெயர் வீரையன். கடைசி வரை உட்காரவில்லை.

செப்டம்பர் 14

ஆலைக்குப் போனேன். குறுவை நெல் வந்து குவிந்து கிடந்தது. வீரையன் ஒரு நெல்லை உரித்துக் கடித்துவிட்டு, ஈரம் பதினான்கு சதவீதம் இருக்கும் என்றார். கருவியில் வைத்துப் பார்த்தார்கள். பதினான்கு. அவிக்கும்போது ஆவியின் வாசனையை வைத்தே எப்போது நிறுத்துவது என்று சொல்கிறார். இருபத்தாறு வருட வேலை. ஆனால் எதைக் கேட்டாலும், "எனக்கென்னம்மா தெரியும், மொதலாளி சொல்றதச் செய்யிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை.

செப்டம்பர் 17

வேலை விவரக் கடிதம் நான்கு பக்கம் எழுதி முடித்து அனுப்பினேன். அத்தனையும் வீரையன். மேலே மட்டும் ராஜராஜன் பெயர் போட வேண்டுமாம். முடியாது என்று அமிர்தலிங்கத்திடம் போனில் சொல்லிவிட்டேன். பிடிபட்டால் ஆலைக்கே ஆபத்து. பிடிபடாவிட்டாலும் பொய் பொய்தான்.

"அவன் எட்டாங்கிளாஸ் மேடம். அவன நிபுணர்னு எழுதி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

விசா அதிகாரிகள் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைத்தான் கேட்கிறார்கள். கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 23

போன் இல்லை. நல்ல கட்சிக்காரர் போய்விட்டார் போல. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? — இருந்திருக்க முடியாது.

அக்டோபர் 1

அமிர்தலிங்கம் வந்தார். கூட வீரையன். மருமகன் இல்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தாராம்.

"இவ்வளவும் பக்கத்துலயே இருந்திருக்கு மேடம். நான்தான் பாக்கல."

வீரையன் பெயரைப் போடச் சொல்லி, என் முன்னாலேயே கையெழுத்திட்டார். பிறகு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "உக்காருங்க வீரையன்" என்றார். வீரையன் நுனியில் உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சளி என்று பொய் சொன்னேன்.

ஜனவரி 20, 2025

விசா நேர்காணலுக்கு இன்று பயிற்சி. மறுபடியும் "எனக்கென்னம்மா தெரியும்." அங்கே போய் இப்படிச் சொன்னால் எல்லாம் அதோடு முடிந்தது என்று தலையில் அடித்துக்கொண்டேன். கூட வந்திருந்த அவர் மனைவி அம்சவல்லி சிரித்தார். "வீட்டுல சோறு குழைஞ்சா மட்டும் நல்லாத் தெரியும்மா இவருக்கு." வீரையனும் சிரித்துவிட்டார். நாலு மணி நேரம் பயிற்சி, பலன் பூஜ்யம். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

மதியம் நேர்காணல் முடித்து, சென்னையிலிருந்து வீரையன் பேசினார். விசா கிடைத்துவிட்டது. வேலையைப் பற்றி இரண்டு கேள்விதானாம். கடைசியாக, உங்கள் முதலாளிக்கு இந்த வேலைக்கு வேறு ஆளே இல்லையா என்று கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இல்லைங்கன்னு சொல்லிட்டேம்மா" என்றார். அப்புறம் மெதுவாக, "தப்பாம்மா?"