நான் வெட்டி எறிந்த உன் பேச்சு

கனத்த ரஜாய்ப் போர்வையை வெயிலில் போடலாம் என்று இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்து நின்றாய். லம்பா லைன் வீட்டுச் சன்னலில் வெளிச்சத்தம் வராமலிருக்க இதே ரஜாயை ஆணியடித்துத் தொங்கவிட்டுத்தானே உன் குரலைப் பதிவு செய்தோம்?

எழுத்தைக் கொடுத்தால் கணினி வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு தமிழ்க் குரல் வேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி. கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் நாளெல்லாம் கத்தியும் கரகரக்காத குரல் உன்னுடையது. "உனக்காக வர்றேன்டி. ஆனா ஃபேனை நிறுத்துனா செத்துருவேன்" என்றாய். நிறுத்தினேன். வியர்வை வழிய வழியப் படித்தாய்.

பத்து வாக்கியம் தாண்டுவதற்குள் பக்கத்து ஏர்போர்ட்டில் ஏதாவது விமானம் இறங்கும். "அரே, போகட்டும். தோடா ருக்கோ, கொஞ்சம் பொறு" என்று தாளை மடியில் கவிழ்த்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாய். திக்லிபூர் பஸ்ஸில் உன் மகள் யார் மடியிலோ வாந்தியெடுத்த கதை, அவளைத் தங்கம் என்றும் கழுதை என்றும் ஒரே மூச்சில் சொல்வது, அப்புறம் அந்த அடக்க மாட்டாத சிரிப்பு. பதிவை நான் நிறுத்துவதில்லை. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற சோம்பல்தான்.

வெட்டினேன். இருமல், சிரிப்பு, இந்தி எல்லாம் குப்பை என்று வெட்டினேன். பெரிய நிபுணர் அல்லவா நான்! நம் தீவு நெட்டில் முழுப் பதிவையும் மெயின்லேண்டு ஆய்வகத்துக்கு அனுப்பி மாளாது என்று, சுத்தம் செய்த வாக்கியங்களை மட்டும் அனுப்பினேன். அவற்றை வைத்துச் செய்த கணினிக் குரல் திரும்பி வந்தது. மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து அழித்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, அம்மா சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா? என்னைத் திட்டுறதா இருந்தாலும் சரி, குடுங்க."

என்னிடம் என்ன இருந்தது? அவள் பெயரைத் தட்டச்சு செய்து, உன் குரலில் கணினியைச் சொல்லவைத்தேன். இரண்டு முறை கேட்டாள். "அம்மா என் பேரை இவ்ளோ ஒழுங்கா சொன்னதே இல்ல, ஆன்ட்டி" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். நான்தான் அழித்தேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "இவ்வளவுதான்மா இருக்கு" என்றேன்.

உன் குரல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. எதை எழுதிக் கொடுத்தாலும் படிக்கும். "பரவால்லடி, விடு" என்று எழுதினால் அதையும் உன் குரலில் சொல்லிவிடும். எத்தனையோ முறை விரல் போயிருக்கிறது, நின்றிருக்கிறது. நீ சொல்லாததை உன் வாயில் நான் எப்படிப் போடுவேன்?