சின்னக் கைக்கு ஒரு பிடி

ஞாயிறு, இரவு.

அக்காவைப் பார்க்க அமெரிக்க மாப்பிள்ளை வந்திருந்தார். இருவரையும் பால்கனியில் தனியே கதைக்க விட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. முழுக்கத் துவக்குக் கதைதான். இடக்கைக்காரர் சுடும்போது வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோது முகத்தில் தெறிக்காத துவக்கொன்றைக் கம்பனிகள் இந்த வருடமாவது விடவேண்டுமாம். சத்தத்தை அடக்கும் குழாய் மலிவாக வரவேண்டுமாம். யுத்தத்தில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டுக் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த குடும்பத்திடம் இதைச் சொல்கிறார், விளையாட்டுச் சாமான் கேட்கும் பிள்ளையைப் போல. கடற்கரை ரயில் போனபோது மட்டும் வாயை மூடினார்.

பிறகு அக்காவின் கையைப் பார்த்தார்.

"உங்கட கை சின்னன். இதுக்கேத்த பிடியோட ஒண்டு வந்தா வாங்கித் தாறன்."

அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அம்மா உருகினார். "பாத்தியோ, இப்பவே இவளைப் பற்றி யோசிக்கிறார்."

"அம்மா, அந்தாள் துவக்குக்குக் கை தேடுது."

அக்கா சிரிக்கவில்லை. காலையில் பதில் சொல்லவேண்டும். வேண்டாம் என்றுதானே சொல்லப்போகிறாய் என்று படுக்கும்போது கேட்டேன்.

"இதுக்கு முதல் வந்தவையெல்லாம் என்னைப் பாத்திட்டு வேண்டாம் எண்டவை. இவர் கையையாவது பாத்தார்."

அந்த மனிதர்மீது இருந்த வெறுப்பு குறையவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும்படி இனி அவளைக் கேட்கமாட்டேன். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.