பூமிகாவின் பல்லைக் கட்டியவங்க

கங்கம்மாவுக்கு,

நீயும் நம்ம பொண்ணு பூமிகாவும் சௌக்கியமா? என் தொப்பை சௌக்கியம். போனில் பேசினால் பூமிகா கேட்டுடுவா, அதான் கடிதம்.

நான் தரை துடைக்கிற சிங்கப்பூர் பல் காலேஜில் ஒரு தமிழ் டாக்டரம்மா, பல்லு மேல ஓடு மாதிரி இருக்கிற எனாமல் உருவாகிறதைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினாங்க. அதைக் கட்டுற செல்லெல்லாம், ஏரியில் வலை இழுக்கிற நம்ம ஆளுங்க மாதிரி ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கினு நிக்குது. உள்ளே கயிறாட்டம் புரோட்டீன். பல் முளைக்கிறதுக்குள்ளே அந்த செல் அத்தனையும் செத்துடுமாம். எட்டாவது பெயிலான நான் மாப்பைப் பிடிச்சுக்கினு வாயைப் பிளந்து நின்னேன்.

பூமிகா பல் மஞ்சளாகித் தூள் தூளா உதிர்றதைச் சொன்னேன். "அந்தப் பிடி பிறவியிலேயே சரியா அமையாம இருக்கலாம். யார் தப்பும் இல்லண்ணே"ன்னாங்க. உன் பால் பத்தலைன்னு இனிமே அழாதே. செங்கல் தூளில் தேய்க்கிறதை நிறுத்திட்டு, கும்மிடிப்பூண்டி டாக்டரிடம் காட்டு.

அவ வாயைப் பொத்தாம சிரிக்கிற போட்டோ ஒண்ணு அனுப்பு. சூப்பர்வைசர் வர்றான்.

குப்புராஜ்